கறுப்பினப் பிள்ளைகளுக்காக உருவான ஆசிரியர் பயிற்சி நம் துணைப்பாட நிலையங்களுக்கு எவ்வளவு பொருந்தும்?

அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்களும் அவர்களின் குடும்பங்களும் தலைநிமிர்ந்து படிக்க வழி செய்யும் ஆசிரியர் பயிற்சிகள் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. சிங்கப்பூரிலிருந்தும் சேரலாம். அப்படிப்பட்ட பயிற்சி ஒன்றைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் நடத்தும் ஆசிரியர், தொண்டூழியர் கண்ணோட்டத்தில் இங்கே மதிப்பிடுகிறோம். ஆறு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிட நேரடி வகுப்பு, அதற்குமுன் சுமார் இரண்டு மணி நேர வாசிப்பு, ஒரு பயிற்சி ஏடு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இந்தத் துறையில் பலரும் ஏறக்குறைய ஒரே பாடத்திட்டத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் இங்கே சொல்வது மற்றப் பயிற்சிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்றாம், நான்காம் பிரிவுகளுக்காகவே பணம் கட்டலாம். இரண்டாம் பிரிவைத் தவிர்த்துவிடக்கூடாது. முதல் பிரிவு நம் சூழலுக்கு ஒத்துவராது. ஐந்தாவதை அடித்துத் திருத்தித்தான் பயன்படுத்த வேண்டும்.

வரலாறு பேசும் இரண்டாம் பிரிவை இங்குள்ள ஆசிரியர்கள் பலர் வேகமாக ஓட்டிவிடப் பார்க்கிறார்கள். அது தவறு. பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தது எல்லாருக்கும் தெரியும். அதன் பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. பள்ளிகளை இணைத்தபோது கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். கறுப்பின ஆசிரியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தெற்கிலும் அதை ஒட்டியும் உள்ள 17 மாநிலங்களில் 1954-க்கும் 1965-க்கும் இடையே சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். பிள்ளையின் தெருவில் குடியிருந்து, அதே தேவாலயத்துக்குப் போய், தாயோடும் பாட்டியோடும் பேசிப் பழகிய ஆசிரியர் ஒரே தலைமுறையில் காணாமல் போனார். இன்று ‘பெற்றோர் பள்ளிப் பக்கமே வருவதில்லை’ என்று குறைப்படும் ஆசிரியர், அந்தப் பாலத்தை உடைத்தது பெற்றோர் அல்ல என்பதை இங்கேதான் புரிந்துகொள்கிறார். இந்தப் பிரிவைக் கேட்காதவர்களுக்குப் பின்னால் வரும் உத்திகள் எல்லாம் வெறும் பேச்சுச் சாதுரியமாகவே படும்.

தண்டனைக் கணக்கும் இதே பிரிவில் வருகிறது. அமெரிக்கக் கல்வித் துறை 2017-18 கல்வியாண்டுக்குத் திரட்டிய தரவுகளின்படி, பொதுப்பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 15 விழுக்காடு. பள்ளியிலிருந்து தற்காலிகமாக விலக்கி வைக்கப்பட்டவர்களில் அவர்கள் சுமார் 38 விழுக்காடு. பாலர் பள்ளியிலேயே இந்த இடைவெளி தொடங்கிவிடுகிறது என்பதையும் பயிற்றுநர் காட்டுகிறார். நான்கு வயதுக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு அது என்னதான் செய்திருக்கும் என்று வகுப்பை யோசிக்க விடுகிறார். நல்ல கேள்வி அது.

ஆனால் இந்த எண்களை எடுத்து நம் பிள்ளைகள்மேல் ஒட்டக்கூடாது. சிங்கப்பூரில் இந்தியர்கள் மக்கள்தொகையில் சுமார் 9 விழுக்காடு. நம் கதையே வேறு. இங்கே அடிமை முறை வழிவந்த பள்ளிப் பிரிவினை இல்லை. இந்திய மாணவர்களின் கல்விநிலை குறித்த கவலை எழுந்தபோது சமூகமே ஆய்வுக் குழு அமைத்துப் பார்த்து, 1991-ல் சிண்டா என்ற இந்தியர் சுயஉதவிக் குழுவைத் தொடங்கியது. அதற்கு முன்பே மலாய், முஸ்லிம் சமூகத்துக்கான மெண்டாக்கி இருந்தது. இப்படிச் சமூக அடிப்படையிலான சுயஉதவிக் குழுக்கள் இயங்கும் நாட்டில் துணைப்பாட ஆசிரியர் நிற்கும் இடம், அமெரிக்க வகுப்பாசிரியர் நிற்கும் இடம் அல்ல. பள்ளியின் முடிவுகள் நம் கையில் இல்லை. பிள்ளையும் பெற்றோரும் பள்ளியோடு பேசத் தெம்பு கொடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது. பயிற்சி முழுவதையும் இந்த ஒரு வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தால் எது நமக்கு, எது நமக்கில்லை என்பது தெளிவாகிவிடும்.

மூன்றாம் பிரிவு: திருத்திய தாளில் என்ன எழுதுவது, வீட்டுக்குத் தொலைபேசியில் எப்படிப் பேசுவது. பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முதலில் தாள் திருத்தும் குறிப்பு. 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு அடிப்படை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தினார்கள். பாதித் தாள்களில் ஒரு சிறு குறிப்பு ஒட்டப்பட்டது: என் எதிர்பார்ப்பு உயர்ந்தது, உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இவ்வளவு குறித்திருக்கிறேன் என்ற கருத்தில். மறுபாதியில் பொதுவான ஒரு வரி. கறுப்பின மாணவர்களில் பொதுக் குறிப்புப் பெற்றவர்கள் 17 விழுக்காட்டினர்தான் கட்டுரையைத் திருத்தி மறுபடி கொடுத்தார்கள். மற்றக் குறிப்பைப் பெற்றவர்களில் 72 விழுக்காட்டினர் கொடுத்தார்கள். சில டஜன் பிள்ளைகளிடம் மட்டுமே செய்யப்பட்ட ஆய்வு அது என்பதைப் பயிற்றுநர் அழுத்திச் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்த 72-ஐ எதிர்பார்த்துக் குறிப்பு எழுதுகிறவர் ஒரே மாதத்தில் மனம் சோர்ந்துவிடுவார்.

இருந்தாலும் இதற்குள் இருக்கும் காரணம் பலமானது. தன் இனத்தைப் பற்றிய தாழ்வான எண்ணம் காற்றில் மிதக்கிறது என்று உணரும் பிள்ளை, தாள் நிறையச் சிவப்பு மையைப் பார்த்ததும் இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொள்ளும். ‘எனக்கு வராது’ அல்லது ‘இவருக்கு என்னைப் பிடிக்காது’. குறிப்பு அந்த இரண்டு வாசலையும் அடைக்கிறது. நம் பிள்ளைகளிடம் ஒரு மாற்றம் தேவை. ‘எதிர்பார்ப்பு’ என்று எழுதினால் வீட்டில் மதிப்பெண் பற்றி நடக்கும் பேச்சுதான் அவர்கள் காதில் விழும். அந்தச் சொல்லை விட்டுவிட்டுக் காரியத்தை மட்டும் எழுதுவது நல்லது. உதாரணமாக: ‘உன் முதல் பத்தி நன்றாக வந்திருக்கிறது. இரண்டாவதையும் அந்த அளவுக்குக் கொண்டுவர உன்னால் முடியும். அதனால்தான் மூன்று இடத்தில் குறித்திருக்கிறேன். பேருந்து நின்ற இடத்தை மட்டும் மறுபடி எழுதிக் கொண்டுவா, சனிக்கிழமை சேர்ந்து பார்ப்போம்.’ எந்தப் பகுதி, என்ன செய்ய வேண்டும், எப்போது பார்ப்போம் என்ற மூன்றும் இருக்கின்றன. இதில் இரண்டு தவறுகள் நேரும். ஒன்று, எல்லாத் தாளிலும் ஒரே வரியை எழுதுவது. மூன்றாவது வாரம் பிள்ளைகள் ஒருவர் தாளை ஒருவர் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னொன்று, குறிப்பு எழுதிவிட்டுச் சனிக்கிழமை பார்க்காமல் விடுவது. அதைவிடக் குறிப்பே எழுதாமல் இருப்பது மேல்.

அடுத்து தொலைபேசி. பயிற்சி ஏட்டில் ஒரு படிவம் இருக்கிறது: தேதி, யாரிடம் பேசினோம், எதற்காக, எந்த மொழியில், எத்தனை நிமிடம், அடுத்து என்ன. நான்கு வாரம் அதை நிரப்ப வேண்டும். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யலாம். நான்காம் வாரம் தாளைப் பார்த்தால் நிலையத்தின் முகம் தெரியும். பெரும்பாலும் தெரியவருவது இதுதான்: அழைப்பெல்லாம் வராத பிள்ளை, கணக்குப் போடாத பிள்ளை, சண்டை போட்ட பிள்ளை என்று போயிருக்கும். தாயை மட்டுமே அழைத்திருப்போம். தேர்வுக்கு முந்திய இரண்டு வாரங்களில் அழைப்புகள் குவிந்திருக்கும். பிரச்சினை எதுவும் செய்யாத, சராசரி மதிப்பெண் வாங்கும், அமைதியான பிள்ளையின் வீட்டுக்கு ஒரு அழைப்பும் போயிருக்காது.

பயிற்சியின் விதி: குறை சொல்லும் முதல் அழைப்புக்கு முன் நல்லது சொல்லும் ஓர் அழைப்பு போயிருக்க வேண்டும். ஆண்டின் முதல் ஐந்து வாரங்களுக்குள் எல்லாக் குடும்பத்துக்கும். 20 பிள்ளைகள் என்றால் வாரத்துக்கு நாலு அழைப்பு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். அவர்கள் கொடுக்கும் ஆங்கில மாதிரி உரையாடல் விறைப்பாக இருக்கிறது. நம் வழக்கில் அது இப்படி வரும்:

‘வணக்கம்மா, துணைப்பாட நிலையத்துலேருந்து கணக்கு டீச்சர் பேசுறேன். பயப்படும்படி ஒண்ணும் இல்லம்மா. இப்ப ரெண்டு நிமிஷம் பேசலாமா, இல்ல வேலையில இருக்கீங்களா?’

‘சொல்லுங்க டீச்சர்.’

‘இன்னைக்குப் பின்னக் கணக்குல தம்பி தானா கட்டம் வரைஞ்சு வழி கண்டுபிடிச்சாரு. பக்கத்துப் பையனுக்கும் சொல்லிக் கொடுத்தாரு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வீட்டுல அவரு எதுல உட்கார்ந்தா நேரம் போறதே தெரியாம இருப்பாரு?’

கடைசிக் கேள்விதான் இதில் வேலை செய்கிறது. பதிலில் பாதி, அடுத்த மாதப் பாடத்துக்கு உதாரணமாகிவிடும். ‘பயப்படும்படி ஒண்ணும் இல்ல’ என்ற வரியும் தேவை. பள்ளி, நிலையம் என்று எண் வந்தாலே அடிபட்டுவிட்டதோ, அடித்துவிட்டானோ என்றுதான் பெற்றோர் மனம் போகும். ‘வேலையில இருக்கீங்களா’ என்று கேட்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. பாதுகாவல் வேலையில் 12 மணி நேரச் சுற்று முறையில் இருப்பவர், துப்புரவுப் பணியில் காலை ஐந்துக்கே இறங்குபவர், இருவரும் மாலை ஏழு மணிக்கு எடுக்கமாட்டார்கள். எந்த நேரம் சரிவரும் என்று படிவத்தில் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் படிவத்தில் அது இல்லை. எழுத்துச் செய்தியைவிடக் குரல் செய்தி பல வீடுகளில் நன்றாக எடுபடும். பாட்டியும் சேர்ந்து கேட்பார்.

நான்காம் பிரிவு வீட்டுச் சந்திப்பு. இதன் வேர் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் இருக்கிறது. 1998-ல் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் நடக்கிறது. ஐந்து விதிகள் வைத்திருக்கிறார்கள். இரு தரப்புக்கும் இது விருப்பத்தின்பேரில்தான். ஆசிரியருக்குப் பயிற்சியும் அந்த நேரத்துக்கு ஊதியமும் உண்டு. பிரச்சினைப் பிள்ளைகளின் வீடு என்று தேர்ந்தெடுக்காமல் எல்லா வகைப் பிள்ளைகளின் வீட்டுக்கும் போக வேண்டும். முதல் சந்திப்பில் மதிப்பெண் பற்றிப் பேச்சில்லை. பிள்ளையைப் பற்றிய கனவும் நம்பிக்கையும் மட்டும். இருவராகப் போய், திரும்பியதும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும்.

ஐந்தில் எதை விட்டாலும் மொத்தமும் கெட்டுப்போகிறது. மூன்றாவது விதியை விட்டால் என்ன ஆகும் என்பதை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வாழ்பவர் உடனே புரிந்துகொள்வார். பொதுத் தாழ்வாரம். கதவுக்கு வெளியே இரண்டு புதுச் செருப்பு கிடந்தால் அடுத்த மூன்று வீட்டுக்கும் தெரியும். பின்தங்கிய பிள்ளை வீட்டுக்கு மட்டும் டீச்சர் வருகிறார் என்ற பெயர் வந்துவிட்டால் அதன்பின் யார் கதவும் திறக்காது. நாலாவது விதியை மீறுவதுதான் நம்மவர்க்கு எளிது. தேநீர் குடித்து முடிப்பதற்குள் அப்பாவே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யை நினைத்து ‘எப்படிப் படிக்கிறான், பிஎஸ்எல்இ தேறுவானா?’ என்று கேட்டுவிடுவார். அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும்: ‘அதைப் பேச அடுத்த மாதம் தனியா உட்காருவோம்ண்ணே. இன்னைக்கு அவனப் பத்தி நீங்க சொல்லுங்க, நாங்க கேட்டுக்கிறோம்.’ பயிற்சியில் இந்தச் சூழல் ஒத்திகைக்கே வருவதில்லை. அங்கே பெற்றோர் தயங்குவார்கள், ஆசிரியர் பேச வைப்பார் என்பதுதான் பாவனை. இங்கே பல வீடுகளில் நேர்மாறு. டீச்சர் என்றால் மரியாதை கூடிப்போய், எல்லாவற்றுக்கும் ‘நீங்க பார்த்துச் செய்யுங்க’ என்று ஒப்படைத்துவிடுவார்கள். அந்த ஒப்படைப்பை உரையாடலாக மாற்றுவது எப்படி என்று ஒத்திகை பார்க்க உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவர் வேண்டும்.

இன்னும் சில ஏற்பாடுகள். வீடு சிறியது, ஆள் அதிகம், கூச்சமாக இருக்கிறது என்றால் புளோக்கின் கீழ்த்தளமோ அருகிலிருக்கும் உணவங்காடி நிலையமோ போதும், விதி கெடாது. 30 நிமிடத்துக்குமேல் இருக்க வேண்டாம். எதிரில் உட்கார்ந்து குறிப்பு எடுக்கவே கூடாது. வீட்டில் பார்த்ததைப் புகைப்படம் எடுப்பதோ நிலையத்தின் குழு அரட்டையில் எழுதுவதோ நம்பிக்கைத் துரோகம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் நிறுவனத்துக்கும் அது ஆபத்து. ஆசிரியருக்கு ஊதியம் என்ற இரண்டாவது விதி தொண்டூழியர் நிலையங்களில் நடக்காது. குறைந்தது போக்குவரத்துச் செலவையாவது கொடுத்து, அந்த வாரம் ஒரு வகுப்பைக் குறைத்துக் கொடுங்கள். ஒன்றுமே குறைக்காமல் வீட்டுச் சந்திப்பைக் கூடுதலாகச் சுமத்தினால் மார்ச் விடுமுறைக்குள் ஆள் நின்றுவிடும்.

இதே பிரிவில் மருத்துவர் ஜேம்ஸ் கோமர் 1968-ல் நியூ ஹேவன் நகரின் இரண்டு தொடக்கப்பள்ளிகளில் தொடங்கிய முறையும் சுருக்கமாக வருகிறது. பெற்றோர், ஆசிரியர், மனநல வல்லுநர் ஒரே மேசையில் உட்கார்ந்து பள்ளியை நடத்தும் முறை. அதன் விதிகளில் ஒன்று, யார் தவறு என்று தேடாமல் பிரச்சினையைத் தீர்ப்பது. பத்தே நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். ஒரு முழு வகுப்பு கொடுத்திருக்கலாம். பெற்றோர் சந்திப்பைத் தொடங்கும்போது ‘இங்கே யார் மேலேயும் குறை சொல்ல உட்காரல’ என்று முதலில் சொல்லிவிட்டுப் பேசினால், தந்தை கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது மெல்லக் குறையும்.

ஐந்தாம் பிரிவு ஒழுங்கும் தண்டனையும். 2016-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றை முன்வைக்கிறார்கள். கணக்கு ஆசிரியர்கள் 31 பேர், ஐந்து நடுநிலைப் பள்ளிகள். பிள்ளையின் பக்கமிருந்து யோசித்து ஒழுங்குபடுத்துவது பற்றிய குறுகிய இணையப் பயிற்சி அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தரப்பட்டது. அந்த ஆண்டு விலக்கி வைக்கப்பட்டவர்கள், மற்ற ஆசிரியர்களின் மாணவர்களில் 9.6 விழுக்காடு; இந்தப் பயிற்சி பெற்றவர்களின் மாணவர்களில் அதில் பாதியான 4.8 விழுக்காடு. துணைப்பாட நிலையத்தில் விலக்கி வைக்கும் அதிகாரம் கிடையாது. எனவே இந்தப் பிரிவின் பெரும்பகுதி நமக்குப் பயன்படாது. பயன்படுவது ஒன்றுதான்: வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் நிறத்தையோ வாசனையையோ உச்சரிப்பையோ கேலி செய்தால் முதல் பத்து விநாடியில் ஆசிரியர் செய்ய வேண்டியது. பேச்சை நிறுத்து. சொல்லப்பட்டது சரியல்ல என்று ஒரே வாக்கியத்தில், குரல் உயர்த்தாமல், எல்லார் முன்னும் சொல். பாடத்தைத் தொடர். கேலிக்கு ஆளான பிள்ளையிடம் வகுப்பு முடிந்து தனியாகப் பேசு. கேலி செய்தவரிடம் பிறகு வேறு நேரத்தில். ‘விளையாட்டுக்குச் சொன்னான், விடு’ என்பதும், கேலிக்கு ஆளான பிள்ளையை எழுப்பி ‘உனக்கு எப்படி இருந்துச்சு, சொல்லு’ என்று கேட்பதும் சம அளவு கெடுதல். தமிழ்ப் பிள்ளைகளுக்குள்ளேயே நிறத்தை வைத்துக் கேலி நடக்கிறது என்பதால் இந்தப் பத்து விநாடி ஒத்திகையைத் தமிழில் செய்து பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் பழகியவர் அந்த நேரத்தில் வாயடைத்து நிற்பார்.

முதல் பிரிவில் ஆசிரியர்கள் தங்கள் இன அடையாளத்தை எழுதி, சலுகைகளைப் பட்டியலிட்டு, குழுவில் வாசிக்க வேண்டும். அங்கே ஆசிரியர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், பிள்ளைகள் கறுப்பினத்தவர் என்ற இடைவெளிக்காக அமைத்த பயிற்சி அது. தமிழ் ஆசிரியர் தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் இடத்தில் வேறு இடைவெளிகள் இருக்கின்றன: வருமானம், வீட்டுமொழி, பெற்றோரின் பள்ளிப்படிப்பு, இந்தியாவிலிருந்து அண்மையில் வந்த குடும்பமா, மூன்று தலைமுறையாக இங்கே இருப்பதா என்பது, சாதி பற்றி வெளியே பேசாமல் உள்ளே ஓடும் கணிப்பு. ஏட்டின் கேள்விகளில் இவற்றுக்கு இடமே இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய இல்லங்களில் தமிழை அதிகம் பேசுவோர் 29.2 விழுக்காடுதான். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம், பேசாத பிள்ளையைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்ற கேள்வியை நிலையமே எழுதிச் சேர்த்துக்கொண்டால் அந்த 90 நிமிடம் வீணாகாது.

ஆறாம் பிரிவு தரவு பார்ப்பது. மூன்றாம் பிரிவின் படிவத்தையே விரித்திருக்கிறார்கள். புதிதாக ஒன்றும் இல்லை.

நடைமுறை விஷயங்கள். நேரடி வகுப்பு அமெரிக்கக் கிழக்கு நேரப்படி வெள்ளி இரவு எட்டு மணிக்கு என்றால் நமக்குச் சனிக்கிழமை காலை ஒன்பது. மார்ச் மாதம் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியதும் நமக்கு அது எட்டாகிவிடும். இதைக் கவனிக்காமல் முதல் வகுப்பைத் தவறவிடுவது சாதாரணமாக நடக்கிறது. துணைப்பாட நிலையங்களுக்குச் சனிக்கிழமை காலைதான் வேலை நேரம். பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை அதில் அங்கீகரிக்கப்பட்ட வகுப்புகளுக்கு மட்டும்தான்; வெளிநாட்டுப் பயிற்சிக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். கட்டணம் அமெரிக்க டாலரில், அட்டைவழி மாற்றுக் கட்டணம் தனி. ஒருவர் மட்டும் சேர்ந்து வந்து மற்றவர்க்குச் சொல்வது பயன்தருவதில்லை. ஒத்திகைக்கு இணை வேண்டும், வீட்டுக்குப் போகவும் இணை வேண்டும். குறைந்தது இருவர், முடிந்தால் நால்வர் சேருங்கள். நிலையத்தின் பொறுப்பாளர் அதில் ஒருவராக இருக்கட்டும். அழைப்புக்கு நேரம் ஒதுக்கும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது.

தொடங்கும் மாதமும் முக்கியம். ஜனவரியில் வகுப்புப் பட்டியல் நிலைப்பட்டதும் தொடங்கினால் பிப்ரவரிக்குள் நல்ல அழைப்புகள் முடியும், மார்ச் ஒரு வார விடுமுறைக்குள் முதல் வீட்டுச் சந்திப்புகள் முடியும். ஜூலையில் தொடங்காதீர்கள். ஆகஸ்டில் பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வு வந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டுக்குப் போனால் என்ன விதி வைத்தாலும் பேச்சு மதிப்பெண்ணிலேயே போய் நிற்கும்.